கார்னெகி என்னும் பெயரும் கஞ்சமலை இரும்பும்

தமிழகத்தின் பழைய வழக்கில் ஒருவரின் ஊர்ப்பெயர் அவருடைய சொந்தப் பெயருக்கு முன்னால் நின்று, சேலம் விஜயராகவாச்சாரியார், நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை என்று அவரை அடையாளப்படுத்தியது. ஸ்காட்லாந்தில் அதே ஊர்ப்பெயர் பின்னால் நின்று, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயராக இறுகிவிட்டது. அவ்வாறு இறுகிய பெயர்களுள் ஒன்றே கார்னெகி. அந்நாட்டின் கிழக்கே ஆங்கஸ் பகுதியிலிருந்த ஒரு நிலப்பகுதியின் பெயராகிய அது, கேலிக் மொழியில் கணவாய்க்கோட்டை என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்தது என்பர். இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பெயர் இரும்புத்தொழில், அறக்கொடை, தன்முயற்சியால் உயர்தல் ஆகிய மூன்றுக்கும் உலகெங்கும் ஒரே குறியீடாகிவிட்டது. அதன் கவர்ச்சி எத்தகையது என்பதற்கு, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1888இல் பிறந்து, மக்களிடம் பழகிப் பேசும் கலையைக் கற்பித்துப் புகழ்பெற்ற டேல் கார்னகி சான்றாவார். அவருடைய குடும்பத்தினர் தம் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதிவந்திருக்க, அவர் எஃகு வேந்தர் ஆண்ட்ரூ கார்னெகியின் பெயரோடு ஒத்துப்போகும்படி அதை மாற்றிக்கொண்டார். 1936இல் வெளிவந்த அவருடைய நூல் தமிழிலும் பெயர்க்கப்பட்டு, இன்றுவரை பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் விற்கப்படுகிறது.

அந்தப் பெயரைக் குறியீடாக்கிய ஆண்ட்ரூ கார்னெகி 1835 நவம்பர் 25 அன்று ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் நகரில், கைத்தறியில் பூவேலைப்பாடுள்ள லினன் துணி நெய்த ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தார். நீராவித்தறி வந்து கைத்தறிக்கு வேலை இல்லாமல் போனபோது குடும்பம் கடன் வாங்கிக் கப்பலேறி 1848இல் அமெரிக்கா சேர்ந்தது. அங்கே பதின்மூன்று வயதுச் சிறுவன் வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலிக்குப் பஞ்சாலையில் நூற்கண்டு மாற்றும் வேலையில் அமர்ந்தான். பிறகு தந்திச் சேவகன், தந்தி இயக்குநர், ரயில்வே அதிகாரி எனப் படிப்படியாக ஏறி, 1875இல் பிட்ஸ்பர்க் அருகே பிராடக் என்னுமிடத்தில் தண்டவாள எஃகு வார்க்கும் பேராலையை இயக்கத் தொடங்கினார். 1901இல் தம் நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்று, இறப்பதற்குள் ஏறத்தாழ 35 கோடி டாலரைப் பொதுப்பணிக்கு வழங்கினார். இந்த வரலாற்றை உலகம் பெரும்பாலும் ஒரு தனிமனிதனின் உழைப்புக்குக் கிடைத்த பரிசாகவே சொல்லிவந்திருக்கிறது. அதே ஸ்காட்லாந்தில் பிறந்த சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் எழுதிய தன்முயற்சி பற்றிய நூலின் இலக்கணத்துக்கு, பின்னாளில் கார்னெகியின் வாழ்க்கையே இலக்கியம் என்று கொள்ளப்பட்டது.

சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து பார்க்கும்போது இந்தக் கதையின் வேறொரு பக்கம் தெரிகிறது. தறியும் இரும்பும் அருகருகே வாழ்ந்த நிலம் இது. சேலம் நகரிலும் இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் தறி ஓடியது. கஞ்சமலை, கோதுமலை, கொல்லிமலை, தீர்த்தமலை ஆகியவற்றின் அடிவாரங்களில் இரும்புலை எரிந்தது. டன்ஃபர்ம்லினின் நெசவாளர் மகன் உருக்கை நாடிச் செல்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே உருக்கு உருவாகியிருந்தது. கொங்கு நாட்டில் நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயங்களை வெளிக்கொணர்ந்திருக்கின்றன.

இப்பகுதி மலைகளில் கிடைப்பது மேக்னடைட் என்னும் காந்தத் தாது. காந்தத்தால் ஈர்க்கப்படும் இந்தக் கரிய தாது, வெண்ணிறக் குவார்ட்சுப் பாறையோடு வரிவரியாகக் கலந்திருக்கும். மழைக்காலத்தில் மலையோடைகள் அரித்துக் கொண்டுவரும் கருமணலும் அதே தாதுதான். பாறையை இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசியோ முறத்தில் கொழித்தோ குவார்ட்சை நீக்கி, எஞ்சிய தாதுப்பொடியை உலையிலிட்டனர். உலை என்பது முழுக்க மண்ணால் எழுப்பப்பட்டு, நான்கைந்து அடி உயரத்தில், அடியில் இரண்டடியும் உச்சியில் ஓரடியும் அகலமுள்ளதாய், பேரிக்காய் வடிவில் நிற்கும் சிறு கூடு. இரண்டு ஆட்கள் சில மணிநேரத்தில் கட்டி முடிக்க, மறுநாளே அது பயனுக்கு வந்துவிடும். ஆட்டுத்தோலால் ஆன இரண்டு துருத்திகளை மாற்றி மாற்றி அமுக்கி, மூங்கில் குழாய் வழியே இடைவிடாமல் காற்றை ஊத, கரியும் தாதுவும் மாறிமாறிக் கொட்டப்பட்டு, மூன்று நான்கு மணிநேரத்தில் அடியில் ஓர் இரும்புப் பாளம் திரளும். உலையின் முகத்தை உடைத்து, பழுக்கக் காய்ந்த பாளத்தை வெளியே இழுத்துச் சம்மட்டியால் அடித்துக் கிட்டத்தைப் பிரிப்பார்கள்; கிட்டம் என்பது உருகிப் பிரியும் கசடு.

இரும்பை உருக்காக்குவது இதனினும் நுட்பமான வேலை. அடித்துத் திருத்திய இரும்பைச் சிறு துண்டுகளாக்கி, மூசை எனப்படும் மண்குகையில் இட்டு, உடன் உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்த்து, மேலே எருக்கிலை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துக் காயவைப்பார்கள். இருபது முதல் இருபத்துநான்கு மூசைகளை ஓர் உலையில் அடுக்கிக் கரி மூட்டி இரண்டரை மணிநேரம் ஊதினால், ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் கரிந்து விடும் கரிமம் இரும்பினுள் ஏறி, அது உருகி உருக்குக் கட்டியாகும். கரிமம் மிகக் குறைவாயிருந்தால் தேனிரும்பு, மிகுந்தால் வார்ப்பிரும்பு, இடைப்பட்ட அளவில் அமைந்தால் உருக்கு என்பது இன்றைய பாடநூல் அறிவு. அளவுகோலும் வெப்பமானியும் இல்லாமல், மூசையை அசைத்துப் பார்த்தும் தீயின் நிறத்தைக் கண்டும் அந்த இடைப்பட்ட அளவைப் பிடித்த கைகளின் பயிற்சியை வேறெந்தத் தொழிற்பயிற்சிக்கும் குறைவாக மதிப்பிட முடியாது. கடினத்துக்கும் கூர்மைக்கும் பெயர்பெற்ற இந்த உருக்கையே ஐரோப்பியர் கன்னடத்தின் உக்கு என்னும் சொல்லோடு இணைத்து வூட்ஸ் என்று அழைத்தனர்.

வூட்ஸைப் பற்றிய ஐரோப்பிய ஆராய்ச்சியில் ஸ்காட்லாந்தவர் பங்கு கணிசமானது. பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் 1794இல் அதன் கட்டிகளை இலண்டனுக்கு அனுப்பினார். எடின்பரோவை அடுத்த டால்கீத்தில் பிறந்த உலோகவியலர் டேவிட் மஷெட் அதைச் சோதித்து 1805இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார்.   

இரும்பின் கதையில் நடுநாயகமாக நிற்பவர் ஓர் ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கும்பினி வாங்கும் துணிகளை மேற்பார்க்கும் வணிக முகவராகச் சேலத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், தறிகளின் ஊரில் வேலை பார்த்துக்கொண்டே இரும்பின்மேல் பற்றுக்கொண்டார். சேலத்து உருக்கைக் கண்டு வியந்த அவர், பதவியைத் துறந்து, கும்பினியிடம் முன்பணமும் தனியுரிமையும் பெற்று, 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் பெரிய ஊதுலையை அமைத்தார். சேலத்துத் தாது பரிசல்களில் ஏறிக் காவிரி வழியே கொள்ளிடம் சென்று கடற்கரையை அடைந்தது. 1833இல் பரங்கிப்பேட்டை உருக்கு, இரும்புக் கம்பெனியும், 1853இல் அதன் வாரிசாகக் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனியும் உருவாயின. மலபாரின் பேப்பூரிலும், சேலம் பக்கத்தில் காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் உலைகள் எழுந்தன. 1860களின் முடிவுக்குள் அனைத்தும் அணைந்துபோயின.

அணைந்ததற்கு முதற்காரணம் கரி. ஐரோப்பிய ஊதுலை நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கோக்கை நம்பி வளர்ந்தது; தென்னிந்தியாவில் அத்தகைய நிலக்கரி இல்லாததால் மரக்கரியே எரிபொருளாயிற்று. ஊர் உலை ஒன்று ஒருநாளில் கேட்கும் கரியை அருகிலுள்ள புதர்க்காடே கொடுத்துவிடும். பேருலை ஒன்றோ ஓயாமல் எரிவதால், ஆண்டுக்காண்டு காடு பின்வாங்கிக்கொண்டே போக, கரிவண்டி செல்லும் தொலைவு கூடிக்கொண்டே போயிற்று. தாது ஒரு மூலையிலும் உலை மறுமூலையிலும் கரி இரண்டுக்கும் எட்டாத தொலைவிலும் இருந்தால், எத்தனை திறமையானவர் நடத்தினாலும் கணக்கு நேராகாது.

ஹீத்தின் பெயர் உலோகவியல் வரலாற்றில் நிற்பது பரங்கிப்பேட்டைக்காக அல்ல, இங்கிலாந்தின் உருக்கு நகரமாகிய ஷெஃபீல்டுக்காக. இங்கிலாந்து திரும்பிய அவர், உருக்கை மூசையில் உருக்கும்போது மாங்கனீசும் கரிமமும் சேர்ந்த ஒரு பொருளைச் சிறிதளவு இட்டால், மட்டமான இரும்பிலிருந்தும் அடித்து நீட்டவும் ஒட்டவும் தக்க நல்ல உருக்கு கிடைக்கும் என்று கண்டு, 1839 ஏப்ரலில் காப்புரிமை பெற்றார். இரும்பைச் சூட்டில் நொறுங்கச் செய்யும் கந்தகத்தையும் உயிர்வாயுவையும் மாங்கனீசு பிணைத்து அடக்கிவிடுகிறது என்பது அதன் விளக்கம். அதே ஆண்டில் அவர் இந்திய இரும்பையும் உருக்கையும் பற்றி ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரையில், எகிப்தியரின் கருங்கல் தூண்களைச் செதுக்கிய உளிகள் இந்திய உருக்கால் ஆனவையாகவே இருக்க வேண்டும் என்று வாதிட்டார்; அந்த ஊகம் உறுதிப்படவில்லை எனினும், மண்ணுலையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களை அவர் எவ்வளவு உயர்வாக மதித்தார் என்பதை அது காட்டுகிறது. மேலே சொல்லப்பட்ட உலை, மூசை விவரங்களில் பெரும்பகுதியும் அவர் எழுதிவைத்தவையே. உலைக்காரர்களின் பெயரை அவரும் எழுதிவைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கண்டுபிடிப்பின் பயன் ஹீத்துக்குக் கிட்டவில்லை. மாங்கனீசுக் கலவையை முன்கூட்டித் தனியே தயாரிக்காமல், அதன் மூலப்பொருள்களை நேரே மூசையில் போட்டாலும் அதே விளைவு வரும் என்று கண்டு, அவருடைய முகவராயிருந்த அன்வினே தனியாகத் தொழிலைத் தொடங்க, காப்புரிமை அந்த மாற்றத்தையும் கட்டுப்படுத்துமா என்னும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஹீத் இறந்தபிறகு 1855இல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, 1856இல், ஹென்றி பெஸ்ஸமர் உருகிய இரும்பினூடே காற்றைச் செலுத்தி நிமிடக்கணக்கில் எஃகாக்கும் முறையை அறிவித்தார். ஆனால் அவ்வாறு கிடைத்த எஃகு சூட்டில் வெடித்தது. அந்தக் குறையை மாங்கனீசு கலந்த வார்ப்பிரும்பைச் சேர்த்துத் தீர்த்தவர், வூட்ஸைச் சோதித்த டேவிட் மஷெட்டின் மகன் ராபர்ட் மஷெட். மாங்கனீசு உருக்கைத் திருத்தும் என்பது ஹீத்தின் வழியாக ஷெஃபீல்டு முழுவதும் ஏற்கெனவே அறிந்திருந்த செய்தி. மஷெட்டும் தம் காப்புரிமைக்குரிய முத்திரைக் கட்டணம் செலுத்தப்படாமற்போனதால் உரிமையை இழந்தார்.

கார்னெகியின் பிராடக் ஆலையில் உருகி ஓடியது அந்த பெஸ்ஸமர் எஃகுதான். சேலத்துத் துணிக் கிடங்கில் ஆர்வம் பற்றிக்கொண்ட ஒரு மனிதரின் கண்டுபிடிப்பும், வூட்ஸ் கட்டியைப் பகுத்தாய்ந்தவரின் மகனுடைய கண்டுபிடிப்பும் அந்த எஃகுக்குள் கரைந்திருந்தன. கண்டுபிடித்தவர்கள் வழக்கிலும் கடனிலும் முடிந்துபோக, அவ்விரண்டையும் ஆயத்தப் பொருளாகப் பெற்று, உரிய காலத்தில் உரிய நாட்டில் நின்றவரிடம் செல்வம் சேர்ந்தது. கார்னெகியின் கூர்மையான கணக்கறிவையும் செலவைக் குறைத்துக்கொண்டே செல்லும் இடையறாத முனைப்பையும் இது குறைத்து மதிப்பதாகாது. ஆயினும், பிட்ஸ்பர்க்கைச் சுற்றிப் புதைந்திருந்த கோக் நிலக்கரியும், பேரேரிகளின் வழியே வந்த செழுந்தாதுவும், கண்டம் முழுவதும் விரிந்துகொண்டிருந்த தண்டவாளமும், அந்தத் தண்டவாளச் சந்தைக்கு 1870இல் அமெரிக்கச் சட்டமன்றம் எழுப்பிய மதிலும் இல்லாதிருந்தால், அந்த முனைப்பு எங்கே போய் நின்றிருக்கும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அந்த மதில், இறக்குமதியாகும் எஃகுத் தண்டவாளத்துக்கு டன்னுக்கு 28 டாலர் சுங்கம். ஆலைத் தொழிலாளரின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1892இல் கார்னெகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக்குறைப்பை எதிர்த்த வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சண்டையாக மாறி இருதரப்பிலும் உயிர்கள் போனபின், சங்கம் ஒடுக்கப்பட்டது.

சேலத்தில் இவை அனைத்தும் தலைகீழாக அமைந்தன. 1862இல் சென்னையிலிருந்து சேலம் வழியாகப் பேப்பூர்க் கடற்கரைவரை ரயில் ஓடியது. அதன் தண்டவாளம் உட்பட இரும்பு யாவும் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தது. அமெரிக்காவில் இரும்பாலைக்கு வாழ்வு கொடுத்த அதே ரயில், இங்கே மலிவான சீமை இரும்பை உள்ளூர்ச் சந்தைக்குக் கொண்டுவந்து இறக்கியது. உலைக்காரருக்கு எஞ்சியிருந்த காடும் 1882ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டத்தின்கீழ் காப்புக்காடாகி, கரி சுடுவதற்கு அனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டன. இந்தியாவில் எஃகுக்குப் பாதுகாப்புச் சுங்கம் 1924இல்தான் வந்தது; அதற்குள் கஞ்சமலை உலைகள் குளிர்ந்து, அவற்றின் குடும்பங்கள் கூலிவேலைக்கும் கொல்லுப்பட்டறைக்கும் கலைந்துவிட்டன. உழைப்பில் அவர்கள் குறைந்தவர்கள் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. தன்முயற்சி பற்றிய நூல்கள் வாசகருக்கு ஊக்கமளிக்கலாம். ஒரு தொழில் ஏன் ஓரிடத்தில் ஓங்கி மற்றோரிடத்தில் அழிந்தது என்பதற்கு அவற்றில் விடை தேடுவது உழைத்து ஓய்ந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி.

கார்னெகியின் கொடைகளுள் சேலத்துக்கு நெருக்கமான ஒன்று உண்டு. அது பணமாக வரவில்லை, ஒரு முறையாக வந்தது. டன்ஃபர்ம்லின் நெசவாளர்கள் தங்களிடமிருந்த புத்தகங்களைத் திரட்டி வாசித்த வழக்கத்திலிருந்தும், அமெரிக்காவில் ஆண்டர்சன் என்னும் கனவான் தம் நூல்களை வேலைச் சிறுவர்களுக்குத் திறந்துவிட்டதிலிருந்தும் ஊக்கம் பெற்ற கார்னெகி, 1883இல் பிறந்த ஊரில் தொடங்கி, மொத்தம் 2,509 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். கட்டடத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு, நடத்தும் செலவுக்கு ஊர் தன்மேல் தானே வரி விதித்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். 1924இல் இங்கிலாந்து சென்று அங்கே ஊர்வரியில் நடந்த பொதுநூலகங்களைக் கண்ட சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்துக்குச் சட்டமும் வரியும் வேண்டும் என்று இருபதாண்டுகளுக்கும் மேலாக வாதாடினார். 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுநூலகச் சட்டம் இந்திய மாநிலச் சட்டங்களுள் அத்தகைய முதற்சட்டம். சொத்துவரியோடு சேர்த்து வாங்கப்படும் நூலக வரியால் சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட மைய நூலகங்களும் ஊர்ப்புறக் கிளைகளும் நடக்கின்றன. பெருஞ்செல்வர் ஒருவரின் பெயர் முகப்பில் பொறிக்கப்படாத இந்த நூலகங்களுக்கு, வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் கொடையாளர்.

இரும்பும் இந்நிலத்தை முற்றாகக் கைவிடவில்லை. பட்டறைத் திறன் வேறு உருவெடுத்து, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலாகவும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலாகவும் வளர்ந்து, வடநாட்டுச் சாலைகள்வரை சென்றிருக்கிறது. எஃகாலைக்கான கோரிக்கை விடுதலைக்குப் பின் மாவட்டத்தின் ஒருமித்த குரலாகியது; அதற்காக 1967 ஜூலையில் அண்ணா முதல்வராயிருந்தபோது எழுச்சி நாள் கொண்டாடப்பட்டது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்தில் கஞ்சமலையின் அடிவாரத்தில் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆயினும் தாதுவை உருக்கும் ஊதுலை அங்கே எழவில்லை. பிற இடங்களில் வார்த்த துருப்பிடிக்காத எஃகைக் கொண்டுவந்து மெல்லிய தகடாக உருட்டும் ஆலையாகவே அது தொடங்கியது. 2010ஐ ஒட்டி உருக்குக்கூடம் சேர்ந்தபின்னும் மலையின் தாது மலையிலேயே கிடக்கிறது. மலையை வெட்டிச் சுரங்கம் அமைக்கும் திட்டங்கள் எழுந்தபோது, சித்தர் கோயிலையும் ஓடைகளையும் நம்பி வாழும் அடிவாரத்து மக்கள் அவற்றை எதிர்த்தனர். அருகிலுள்ள இளம்பிள்ளை இன்று சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். தறி அங்கே நிலைத்திருக்கிறது. ஆலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பையும் அதற்குச் செல்லும் சாலையையும் மக்கள் இரும்பாலை என்றே அழைக்க, அந்தச் சொல் இப்போது பேருந்தின் பெயர்ப்பலகையில் ஓர் ஊர்ப்பெயராக எழுதப்படுகிறது.